வட்டமடிக்கும் கார்களுக்கு எதற்கு ஏழு மாடி உயரத் திரை?

“இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடுற காருல பார்க்க என்ன இருக்கு?” வெளித்தோற்றத்தில் சாதாரணக் கார்போன்றவை நீள்வட்டத் தடத்தில் சுற்றும் அமெரிக்க ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தை (நாஸ்கார்) தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்கள் கேட்பது இது. அவர்கள்மேல் தப்பில்லை. பார்க்க வேண்டியதைத் தொலைக்காட்சி காட்டுவதே இல்லை.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயத் தடமான டேடோனாவின் வளைவுகளில் சாய்வு 31 பாகை. தடத்தின் அகலம் 12 மீட்டர். அப்படியென்றால் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மாடி. பார்வையாளர் மாடத்தின் உச்சியிலிருந்து டெலி லென்ஸ் (தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) வழியே பார்க்கும் கேமராவுக்கு அந்தச் சுவர் சமதரை. அதே லென்ஸ் தூரத்தையும் நசுக்கிவிடும். பத்து மீட்டர் தள்ளி வரும் காரும், ஒரு சாண் இடைவெளியில் ஒட்டி வரும் காரும் ஒன்றுபோலவே தெரியும். அந்த ஒரு சாண்தான் இந்த விளையாட்டே.

அதனால்தான் 2004இல் சைமன் வின்சர் இயக்கிய ‘நாஸ்கார் 3டி: தி ஐமாக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ ஆவணப்படத்தை வெறும் பிரம்மாண்ட வித்தை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆழமும் உயரமும் சேர்ந்து தெரிந்தால்தான் இந்தப் பந்தயம் புரியும். அதற்கு ஏற்றது ஐமாக்ஸின் ஏழு மாடி உயரத் திரைதான்.

ஆனால் ஐமாக்ஸ் ஃபிலிம் லேசில் வளைந்து கொடுக்காது. 70 மி.மீ. ஃபிலிம், ஒரு சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) 15 ஓரத் துளை, படுக்கைவாக்கில் ஓட்டம். நிமிடத்துக்குச் சுமார் 102 மீட்டர் விழுங்கும். 3டி என்றால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிச் சுருள். ஆயிரம் அடிச் சுருள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். டேடோனாவில் ஒரு சுற்றுக்கு 48 நொடி. ஆக ஒரு சுருளில் நான்கு சுற்றுகூட முழுசாக அடங்காது. எந்தச் சுற்றில் எது நடக்கும் என்று முன்கூட்டியே கணிக்கத் தெரிந்த ஆள் கேமராவின் பக்கத்தில் இல்லாவிட்டால் சுருள் வீண். கேமராவின் எடையும் நூறு கிலோவை ஒட்டி வரும். அன்றைய 1,540 கிலோ காரில் அதை ஏற்றினால் எடைச் சமநிலை கெடும். பந்தயத்தின் நடுவே எந்த அணி சம்மதிக்கும்?

அடுத்தது வேகம். மணிக்கு 300 கி.மீ. என்றால் நொடிக்கு 83 மீட்டர். நொடிக்கு 24 சட்டம் ஓடும்போது, ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்குள் கார் மூன்றரை மீட்டர் தாண்டிவிடும். குறுக்கே போகும் காரைச் சின்னத் திரையில் கண் மன்னிக்கும். பெரிய திரையில் கார் ஓடாது, தாவும். ஆகவே கேமராவும் கூடவே ஓட வேண்டும், இல்லை கார் நேரே கேமராவை நோக்கி வர வேண்டும். லென்ஸ் அகலமானதாக, சாய்வின் அடியில், ஓட்டுநரின் கண் உயரத்தில் இருக்கட்டும். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் 3டி எடுத்தால் கார்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும்.

படத்தொகுப்பில் போடும் வெட்டும் அப்படித்தான். 3டியில் ஒவ்வொரு புது ஷாட்டிலும் கண் மறுபடி குவிய நேரம் வேண்டும். இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு போட்டால் தலைவலிதான் மிஞ்சும்.

டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார் ஓரமாக நிற்கும் பிட் நிறுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய விதியில் அணியின் ஏழு பேர் பிட் சுவரைத் தாண்டிக் காரிடம் ஓடுவார்கள். நான்கு டயர், டயருக்கு ஐந்து நட்டு, 11 கேலன் எரிபொருள் கேன் இரண்டு, எல்லாம் 14 நொடிக்குள். புது டயரின் நட்டுகளை முன்பே பசையால் ஒட்டி வைத்திருப்பார்கள்; ஒன்று உதிர்ந்தாலோ, மரை கோணலாக ஏறினாலோ அங்கேயே இரண்டு மூன்று நொடி போச்சு. 14 நொடி ஒரே ஷாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த நேரம். அதைப் பத்துத் துண்டாக வெட்டினால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. ஒரு எச்சரிக்கை: காரைத் தூக்கும் ஜாக் முதலில் ஏற்றுவது காரின் வலப்பக்கத்தை, அதாவது பிட் சுவருக்கு மறுபக்கம். கேமரா காரின் கூரைக்கு மேலே இல்லாவிட்டால் பாதி வேலை மறைந்துவிடும்.

காற்றைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1987இல் டாலடேகா தடத்தில் பந்தய ஓட்டுநர் பாபி ஆலிசனின் கார் பறந்து வேலியில் மோதியது. அடுத்த ஆண்டே டேடோனாவுக்கும் டாலடேகாவுக்கும் கார்புரேட்டருக்கு அடியில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்க நான்கு துளைத் தகடு வந்தது. சக்தி குறைந்ததும் யாராலும் தனியாகப் பிரிந்து போக முடியவில்லை. எல்லோரும் ஒரே கூட்டமாக ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் பின்னால் வருபவர் முன்காரின் இடது பின்முனைக்கு அருகே மூக்கை நுழைத்தாலே போதும், தொடக்கூட வேண்டாம். முன்காரின் ஸ்பாய்லருக்கு (பின்புறத்தைக் காற்றால் அழுத்திப் பிடிக்கும் தகட்டுக்கு) காற்று குறையும், பின்சக்கரப் பிடி தளரும், கார் சுழலும். இதை விளக்காமல் விபத்தை மட்டும் 3டியில் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 2001இல் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் பந்தய விபத்தில் இறந்த பிறகுதான் தலையையும் கழுத்தையும் தாங்கும் பட்டை எல்லோருக்கும் கட்டாயமானது. நொறுங்கும் காருக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது அந்தப் பட்டைக்குத் தர வேண்டும்.

கடைசியாகச் சத்தம். எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும்போது நொடிக்கு 600 முறை வெடிக்கும். 2019 வரை தகடு போட்டு ஓடிய டேடோனாவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பெரும்பாலும் கால் எடுக்கத் தேவையிருக்கவில்லை. ஷார்லட் போன்ற ஒன்றரை மைல் தடத்தில் வளைவுக்கு முன் எடுத்தே ஆக வேண்டும். யார் எந்த இடத்தில் எடுக்கிறார் என்பதைக் காதாலேயே பிடித்துவிடலாம். அந்த ஐந்து நொடிக்காவது பின்னணி இசையை நிறுத்திவிடுங்கள்.