அந்திக்கிறிஸ்து வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிறானா?

பெங்களூரு சிவாஜிநகர், பிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்ச் சபைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "அந்தி என்றால் மாலை. கடைசிக் காலத்தில் வரும் ஒரே ஆள்தான் அந்திக்கிறிஸ்து. அவன் எண் 666 என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது." இது தவறு.

'அந்தி' இங்கே தமிழ்ச் சொல்லே அல்ல. கிரேக்கத்தின் 'ஆன்டி': எதிராக, அல்லது இடத்தில். அந்திக்கிறிஸ்து என்ற பெயர் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை. 13:18இல் 666 ஒரு மிருகத்தின் எண். அது ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கிறது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

பெயர் வருவது யோவானின் முதலிரு நிருபங்களில் (கடிதங்களில்) மட்டுமே. அதுவும் ஒருவனாக மட்டும் அல்ல: "அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்கிறது 1 யோவான் 2:18. இயேசுவே கிறிஸ்து என்பதை மறுப்பவர்களைத்தான் அவர் சொன்னார். அதிலும், சபைக்குள்ளிருந்து பிரிந்துபோனவர்களை. பிற மதத்தாரை அல்ல.

பின்னாளில் அது எதிராளியை ஏசும் சொல்லானது. 1520இல் ஜெர்மன் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் போப்பின் ஆணையையே அந்திக்கிறிஸ்துவின் ஆணை என்றார். பக்கத்து வீட்டுக்காரரை இந்தப் பெயரால் சுட்டும் செய்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள்.