புது வீட்டுக்கு ஐந்து ஆண்டு கவலையில்லையா?

"புதிதாகக் கட்டிய வீடு என்றால் ஐந்து ஆண்டுக்குக் கட்டியவரே பொறுப்பு, சோதித்துப் பார்க்கத் தேவையில்லை" என்றொரு செய்தி கீழக்கரை, மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சொல்லப்படும் கட்டுமானக் குறையை, கட்டியவர் 30 நாளில் வாங்கியவருக்குச் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் இல்லாத திட்டங்களுக்கு, இந்தச் சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவே கட்டாயமில்லை. நம் ஊரில் மனையை வாங்கி ஒன்றிரண்டு வீடு கட்டி விற்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்! ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல், உப்பு. உவர் நீரிலோ கழுவாத கடல் மணலிலோ கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்து, பூச்சைப் பிளந்துகொண்டு வரும். அதற்கு ஐந்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அப்போது சட்டத்தின் கெடு முடிந்திருக்கும். புதுப் பெயின்ட் எதையும் காட்டாது. இந்திய தர நிர்ணயப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்று கேட்டு, அந்த ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். சன்ஷேடின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் பொறியாளரை அழைக்காமல் முன்பணம் தராதீர்கள்.