செட் என்றால் 'வை' மட்டும்தானா?

நேற்றுப் பின்னேரம் கல்லடியில் அக்கா வீட்டுக்குப் போனேன். பத்தாம் ஆண்டு படிக்கிற மருமகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். ஆங்கிலச் சோதனைத்தாளில் ஒரு வசனம்: 'த கேர்ட் ஹேஸ் செட்.' "தயிர் உறைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாள். அதைச் சிவப்பு மையால் வெட்டி, 'செட் = வைத்தல்' என்று போட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எருமைப்பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, மண்சட்டியில் ஊற்றி உறைமோர் விடுகிற அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை அவள். விடிய எழும்பிச் சட்டியை மெல்லச் சரித்துப் பார்த்து, "உறைஞ்சிட்டு மனே" என்று அவர் சொல்வதைத் தினமும் கேட்கிறாள். அதைக் கேட்ட காதுதான் அந்த விடையை எழுதியது. அது பிழையா?

1989 இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். விளக்கமே ஏறக்குறைய 60,000 சொற்கள். சூரியன் செட் ஆனால் நமக்குப் பொழுது படுகிறது. கொங்கிறீட் செட் ஆனால் இறுகுகிறது. முறிந்த எலும்பைச் செட் பண்ணினால் பொருத்துகிறோம். அலாரத்துக்கு 'வை' சரி.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? நம்முடைய 'பிடி'யைப் பாருங்கள். வாவியில் மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், தடிமன் பிடிக்கிறது, ஒருவரை மனதுக்குப் பிடிக்கிறது. யாராவது பட்டியல் போட்டுப் பாடமாக்கச் சொன்னார்களா? பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்தே விளங்கிக்கொண்டோம். ஆங்கிலச் சொல்லையும் அப்படி வசனத்தோடு கொடுங்கள் என்றுதான் படிப்பிக்கிறவர்களைக் கேட்கிறேன்.

அப்புறம் மருமகள் கேட்டாள்: "அப்ப மாமா, கோப்பைச் செட் எண்டு சொல்றமே, அதுவும் இதுதானா?"

நல்ல கேள்வி. தொகுதி என்ற பொருளில் வருகிற செட், லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். வைத்தலும் உறைதலும் பழைய ஆங்கிலத்தின் 'செட்டான்' வழி வந்தவை. நாளடைவில் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. அவளுடைய கணிதக் கொப்பியைத் திறந்து காட்டினேன். அங்கே இந்தச் செட்டுக்குத் 'தொடை' என்று பெயர். தொடுத்தலிலிருந்து வந்த அழகான சொல். தொடைதான் ஆங்கிலத்தில் செட் என்று இவ்வளவு நாளும் அவளுக்கு யாரும் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை அந்தத் தாளை நானே கொண்டுபோய், மரியாதையாகக் கேட்கப்போகிறேன். அவள் எழுதிய விடை சரி.