எங்கள் மண் ட்ராக்கை யாரும் மூடவில்லை

மோட்டார் சைக்கிள் ஓட்டம் நடந்த எங்கள் ஊர் மண் ட்ராக் மூடப்பட்டுவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். பையன்கள் கெட்டுப்போகாமல் தப்பினார்கள் என்று சிலர் மகிழ்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரு தகவல்: அதை யாரும் மூடவில்லை. அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுத்த கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான். மறுத்திருந்தால் மேலே முறையிடலாம். பதிலே வராவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? மலையகத்தில் எத்தனையோ காரியங்கள் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

காரணம் கேட்டால் எல்லோரும் தியத்தலாவையைக் காட்டுகிறார்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே நடந்த ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் மோட்டார் ஓட்டப் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றி லேசாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் ட்ராக் அதற்கு முன்பே படுத்த படுக்கையாகிவிட்டது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. உதிரிப்பாகம் தேடுவதே ஒரு தொழிலானது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டபோது தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாய். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்ததும் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அதை மேட்டில் எகிறிக் குதிப்பதற்காக எரிக்கிறேன் என்று எந்தப் பிள்ளை அம்மாவிடம் சொல்வான்? விபத்து நடந்தபோது ட்ராக்கில் புல் முளைத்திருந்தது. கடிதத்துக்குப் பதில் எழுத மனமில்லாதவர்களுக்கு அந்த விபத்து நல்ல சாக்காகப் போயிற்று.

ட்ராக் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். விளைச்சல் குறைந்ததென்று தோட்டம் கைவிட்ட ஒரு சரிவு, மானாப்புல் மண்டிக் கிடந்த இடம். வீதி வேலைக்கு வந்திருந்த பெக்கோ இயந்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூட்டிவந்து மூன்று மேடுகளும் ஒரு கொண்டை ஊசி வளைவும் போட்டார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் மண் நிரப்பிய உரச்சாக்குகளை அடுக்கினார்கள். தண்ணீர் வடிவதற்குக் கான் வெட்டியவர்கள், தேயிலை மலையில் கான் வெட்டியே கை காய்த்தவர்கள். அதனால்தான் எத்தனை மழைக்கும் தடம் கரையவில்லை.

ஏப்ரலில் பிற்பகலானால் இடியும் மழையும் வந்துவிடும். ஆகவே ஓட்டங்கள் காலையிலேயே முடிய வேண்டும். காலை வெயிலில் தூசி பெரிய எதிரி. முன்னால் போகிறவன் கிளப்பும் செம்மண் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குத் தடமே தெரியாது. இடையிடையே பவுசரால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கூடினால் வழுக்கும், குறைந்தால் மறுபடி புழுதி. எவ்வளவு போதும் என்ற கணக்கு ஒரு பெரியவரிடம் இருந்தது. காலமெல்லாம் தேயிலைக்கு மருந்தடித்தவர். அவர் கையைத் தூக்கினால் பவுசர் நிற்கும்.

கீழ்நாட்டிலிருந்து வருகிற ஓட்டுநர்களின் வண்டிகள் முதல் சுற்றிலேயே கரும்புகை கக்கித் திணறும். இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கொழும்பில் சரியாக வேலை செய்த கார்பரேற்றர் இந்த உயரத்தில் காற்றுக்குப் பொருந்தாத அளவு பெற்றோலை உள்ளே விடும்; பெற்றோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிய அளவுக்கு மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தவர்கள் லயத்துப் பையன்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டைவிட்ட ஒருவன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே கலவை கூடவா குறைவா என்று சொல்லிவிடுவான். பெரிய கராஜ் முதலாளி ஒருவர் அவனருகில் குந்தியிருந்து, "தம்பி, இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளை 'பாருங்கள்' என்று மரியாதையாகச் சொல்லிக் கேட்கும் இடங்கள் இந்த நாட்டில் அதிகமில்லை. போனது மோட்டார் ஓட்டம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது.

நுவரெலியாவில் மாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார் ஓட்டம் 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்தின் நடுவே போகிற பாதை. ஓட்டியவர்கள் துரைமாரும் வசதிபடைத்தவர்களும். எங்கள் ஆட்கள் வரம்பில் நின்று பார்த்தார்கள். எங்கள் மண் ட்ராக்கில்தான் கொழுந்துக்காரியின் மகன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தொடக்கக் கோட்டில் நின்றான். அதுவும் இரவல் ஹெல்மெட்.

அடிப்படைச் சிக்கல் நிலம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பின்னர் 53 வருடக் குத்தகையும் கொடுத்தார்கள். நிலம் அரசுடையது, பிடி கம்பனியுடையது, உழைப்பு மட்டும் எங்களுடையது. பிரதேச சபையோ 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று கைவிரித்துப் பழகியது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. கைவிரிக்கும் பழக்கத்துக்குத்தான் இன்னும் திருத்தம் வரவில்லை.

ஆபத்தான விளையாட்டு என்கிறார்கள். ஆம், ஆபத்தானதுதான். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த வீதியை யாரும் புல் முளைக்க விடவில்லை. கனரக வாகனங்களைத் தடுத்தார்கள், மற்றவை போய்வருகின்றன. வீதிக்கு ஒரு நியாயம், விளையாட்டுக்கு வேறு நியாயமா?

தடம் இல்லாததால் வேக ஆசை அடங்கிவிட்டது என்று நினைத்தால் இரவு பத்து மணிக்குப் பிறகு பிரதான வீதிப் பக்கம் வந்து கேளுங்கள். உரச்சாக்கு இல்லை, கொடிக்காரர் இல்லை, எதிரே லொறி வருகிறது. இதற்கு எந்தச் சபையிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை.

பழையபடி அப்படியே திறக்கச் சொல்லவில்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு ஆள்கூட நிற்கக்கூடாது. பார்க்கிறவர்கள் எல்லோரும் தடத்துக்கு மேலே, மலைப்பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சரிவில் படிக்கட்டு மாதிரி பழைய தேயிலை வரிசைகள் இருக்கின்றன. மேடை கட்டும் செலவுகூட இல்லை. நுழைவுச் சீட்டு வைத்து ஆள் தொகைக்கு எல்லை போடலாம். அம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை ஒரு வண்டியும் கிளம்பக்கூடாது. மண் வெட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அழைத்துச் சரிவைப் பார்க்கச் சொல்வோம். மண்சரிவில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2025 மே மாதத் தேர்தலில் சபைக்குப் போனவர்களில் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்க அடுத்த கூட்டத்தன்று சிலர் போகிறோம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் கானைத் துப்புரவு செய்கிறோம், தூர்ந்து கிடக்கிறது. வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வாருங்கள். அட்டை கடிக்கும், உப்போ சவர்க்காரமோ மறக்க வேண்டாம்.