அந்த அக்கா ஏன் அந்தப் பக்கம் வாக்களித்தார்?

பழமைவாதக் கட்சி ஜெயிக்கும்போதெல்லாம் என் நண்பர்கள் வட்டத்தில் ஒரே பேச்சுதான். "மக்களுக்குப் புத்தி கிடையாது, மதத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்." நானும் பல வருடம் இதைச் சொல்லித் திரிந்தவன். மதச்சார்பின்மையில் எனக்கு இன்றும் துளி சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு தப்பு.

எனக்கு அதைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. தேர்தல் முடிந்த வாரம் உரிமையோடு கேட்டேவிட்டேன்: "எப்படிக்கா அவங்களுக்குப் போட்டீங்க?" அவர் கோபப்படவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்காரர் மூணு மாசம் படுத்த படுக்கையா கிடந்தப்ப, ராத்திரி மாத்தி மாத்தி வந்து உட்கார்ந்தது என்கூடப் பிரார்த்தனைக்கு வர்றவங்கதான். உங்க ஆளுங்க மேடையில அவங்களைத்தானே மூடநம்பிக்கைக் கூட்டம்னு திட்டுறாங்க? நான் எப்படித் தம்பி உங்களுக்குப் போடுவேன்?"

என்னிடம் பதில் இல்லை. வேற்று மதத்தார் மீது அவருக்கு வெறுப்பு கிடையாது. ராத்திரி வந்து உட்கார ஆள் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் இருந்தது. வெறுப்பினால் வாக்களிப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வரி, பாதுகாப்பு என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் நம் பிழை.

இது புதுப் பிழையும் அல்ல. 1931இல் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று விவாதம் நடந்தது. தேர்தலில் நிற்கலாம், ஆனால் வாக்களிக்க முடியாது என்பதுதான் அப்போது பெண்களின் நிலை. அப்படி ஜெயித்து வந்த விக்டோரியா கென்ட், ஒரு முற்போக்காளர், ஒரு பெண், இப்போது வேண்டாம் என்றார். பெண்கள் பாதிரியார் சொல்கிறபடி வாக்களித்துக் குடியரசையே கவிழ்த்துவிடுவார்கள் என்ற பயம் அந்த அணியில் பலருக்கு இருந்தது. இன்னொரு பெண் உறுப்பினரான கிளாரா கம்போஅமோர் விடாமல் எதிர்த்து வாதாடினார். 161க்கு 121 என்ற கணக்கில் வாக்குரிமை நிறைவேறியது. 1933 தேர்தலில் வலதுசாரிகள் ஜெயித்ததும் பழி முழுக்கப் பெண்கள் மீதும் கிளாரா மீதும் விழுந்தது. இடதுசாரிகள் பிளவுபட்டு நின்றதை யாரும் பேசவில்லை. அதே பெண்கள் வாக்களித்த 1936 தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி ஜெயித்தது. அப்போது பாதிரியார்கள் எங்கே போயிருந்தார்கள்?

அரசே பக்தர்கள் மேல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி இருக்கிறது. 1870களில் அந்நாட்டின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்கச் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார். 1871இல் நாடாளுமன்றத்தில் 63 இடங்கள் வைத்திருந்த கத்தோலிக்கர்களின் கட்சிக்கு 1874இல் 91 இடங்கள் கிடைத்தன. துருக்கியில் 1999இல் மெர்வே கவாக்சி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முக்காடு போட்டுக்கொண்டு பதவியேற்க வந்தார். அவையில் இருந்தவர்கள் மேசையைத் தட்டி "வெளியே போ" என்று கத்தினார்கள். கடைசிவரை அவரால் உறுதிமொழி எடுக்க முடியவில்லை. மதச்சார்பின்மையின் பெயரால் ஒரு பெண்ணை விரட்டிய அந்தக் காட்சியை வீட்டில் முக்காடு போடும் அம்மாவும் அக்காவும் உள்ள எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! 2002இல் மதப் பின்னணி கொண்ட கட்சி ஆட்சியைப் பிடித்ததற்குப் பொருளாதார நெருக்கடியும் பெரிய காரணம்தான். ஆனாலும் அந்த அவமானத்துக்குப் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

அரசையும் மதத்தையும் பிரித்த பிரான்சின் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளம் தராது என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது இரண்டாவது பிரிவு. மனசாட்சிச் சுதந்திரத்துக்கு அரசு பொறுப்பு என்பதும், வழிபடும் உரிமைக்கு உத்தரவாதம் தருவதும்தான் முதல் பிரிவு. அரசின் கையைக் கட்டுவதற்காக வந்த கொள்கைதான் மதச்சார்பின்மை. மதத்தைக் காட்டி வாக்குக் கேட்பவனைத் தடுக்கவும் இதுதான் வேண்டும், அக்காவின் பிரார்த்தனையைக் காக்கவும் இதுதான் வேண்டும்.

போன வாரம் அக்காவிடம் இந்த முதல் பிரிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இதை ஏன் தம்பி உங்க ஆளுங்க மேடையில ஒரு தடவைகூடச் சொன்னதில்லை?"