அந்த 240 பிரேமில் கார்டு வரைந்தது எத்தனை?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் பலவும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திரையின் மூலையில் 240, 250 என்று, நொடிக்கு எத்தனை பிரேம் (படம்) வருகிறது என்பதைக் காட்டும் ஒரு எண் ஓடும். பின்னணியில் "வேற லெவல்" என்று ஒரு குரல். அப்புறம் விலை, வாங்கும் இணைப்பு, முடிந்தது. 2025-இல் இந்தியாவில் அந்தக் கார்டுக்கு அறிவித்த விலையே 2,14,000 ரூபாய். அவ்வளவு பணத்தை எடுத்து வைக்கப்போகிறவருக்கு அந்த மூலை எண்ணை மட்டும் காட்டி அனுப்புவது அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் அந்த 240 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சைபர்பங்க் 2077 விளையாட்டை 4கே-யில், பாத் டிரேசிங்கை (ஒளி பட்டுத் தெறிக்கும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) முழுதாகப் போட்டு, வேறு எந்த உதவியும் இல்லாமல் ஓட்டினால் 5090-யிலேயே நொடிக்கு 30 பிரேமுக்குக் கீழேதான் கிடைக்கிறது. இது என்விடியா தானே வெளியிட்ட ஒப்பீட்டில் இருக்கும் தகவல். அடுத்து டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங்கை, அதாவது சிறிய படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் என்விடியாவின் வசதியை, பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்தால் கார்டு உள்ளுக்குள் 1080பி அளவில் படத்தை வரைந்து 4கே-க்கு விரிக்கிறது. வரைய வேண்டிய புள்ளிகள் நான்கில் ஒன்றாகக் குறைவதால் வேகம் 60, 70-க்கு ஏறுகிறது. அதற்கும் மேலே மல்டி பிரேம் ஜெனரேஷனை 4 மடங்கில் வைத்தால், கார்டு வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் ஏஐ மூன்று பிரேம்களை இட்டு நிரப்புகிறது. அப்படித்தான் 240 வருகிறது. அதில் விளையாட்டு உண்மையில் கணக்குப் போட்டு வரைந்தவை ஏறக்குறைய 60 மட்டும்.

மவுஸை நகர்த்துவது, சுடுவது, பிரேக் பிடிப்பது எல்லாமே அந்த 60-இல்தான் பதிவாகும். நடுவில் வரும் மூன்று பிரேம்களுக்கு உங்கள் கை என்ன செய்தது என்று தெரியாது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமென்றால் இரண்டாவது பிரேம் தயாராகும் வரை முதலாவதைக் காட்டாமல் பிடித்து வைக்க வேண்டும். ஆக, தாமதம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் வசதி அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. ஆனால் 240 உண்மையான பிரேம் தரும் அந்தச் சட்டென்ற உணர்வு வராது.

நண்பர் ஒருவர் வீட்டில் இந்தக் கார்டில் நிறைய நேரம் ஆடிப் பார்த்தேன். உண்மையான வேகம் 80, 90 இருக்கும்போது பிரேம் ஜெனரேஷனைப் போட்டால் 240 ஹெர்ட்ஸ் ஓலெட் மானிட்டரில் படம் அவ்வளவு வழுக்கலாக ஓடுகிறது. கதை விளையாட்டுகளுக்கு நானும் அதைத் தாராளமாகப் போடுவேன். அடிப்படை வேகம் 40-க்கு இறங்கும் இடத்திலோ எண் மட்டும் 150 காட்டுகிறது, கைக்கு எல்லாம் கனமாக இருக்கிறது, வேகமாகத் திரும்பினால் கதாபாத்திரத்தின் தோள் ஓரத்தில் படம் கலங்குகிறது. அது நல்ல வசதி, சந்தேகமில்லை. கார்டின் வேகத்தை அளக்கும் கணக்கில் அதைச் சேர்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தக் குழப்பத்தின் உச்சம் 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியின் மேடை. 549 டாலருக்கு வரும் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-இன் வேகத்தைத் தரும் என்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். ஏஐ இல்லாமல் இது முடியாது என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. 5070-யில் 6,144 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி மெமரி. 4090-யில் 16,384 கோர்கள், 24 ஜிபி. பிரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு ஓட்டினால் இரண்டும் பக்கத்தில்கூட வராது. இந்த ஒரு வரியை நம்பி 4090-ஐ அவசரமாக விற்றவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, இட்டு நிரப்பியதை எல்லாம் எடுத்துவிட்டால் 5090 எப்படி? இன்று விளையாட்டுக்குக் கிடைக்கும் கார்டுகளிலேயே வேகமானது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 4கே-யில் 4090-ஐ விட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல், விளையாட்டைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும் இறங்கும். ஆனால் அந்த 30 எதனால் வந்தது என்று பாருங்கள். கோர்கள் 16,384-இலிருந்து 21,760 ஆகின, 33 சதவீதம் கூடுதல். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட், 28 சதவீதம் கூடுதல். அமெரிக்க விலை 1,599 டாலரிலிருந்து 1,999 டாலர், 25 சதவீதம் கூடுதல். எல்லாமே சேர்ந்தாற்போல ஏறியிருக்கின்றன. சிப் தயாரிப்பு முறை முந்தைய தலைமுறையின் அதே 4 நானோமீட்டர் குடும்பம் என்பதால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வேலை பெரிதாக மாறவில்லை. 3090-இலிருந்து 4090-க்கு வந்தபோது சாம்சங்கின் 8 நானோமீட்டரை விட்டு தைவானின் டிஎஸ்எம்சி-க்கு மாறியதால் கிடைத்த பாய்ச்சல் இந்த முறை இல்லை. மெமரி வேகம் மட்டும் நொடிக்கு 1,008 ஜிபி-யிலிருந்து 1,792 ஜிபி-க்குப் போயிருக்கிறது. 4கே-யிலும் ரே டிரேசிங்கிலும் அது கைகொடுக்கிறது. 32 ஜிபி மெமரியில் பாதியைக்கூடப் பெரும்பாலான விளையாட்டுகள் தொடுவதில்லை. ஏஐ வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது பெரிய வரம்.

அடுத்து சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் பிரேம்களின் சராசரி. இதுவும் ஆளை ஏமாற்றும் எண்தான். ஒரு நொடியில் 100 பிரேம் வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 10 மில்லி நொடி எடுத்தால் ஆட்டம் சீராக இருக்கும். 99 பிரேம் தலா 8 மில்லி நொடியில் வந்து, ஒன்று மட்டும் 208 மில்லி நொடி நின்றாலும் மொத்தம் அதே ஒரு நொடி, சராசரி அதே 100. விளையாடுகிறவருக்கு இந்த இரண்டாவது வகைதான் நரகம். டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் 2011-இலேயே பிரேம் நேரத்தை ஒவ்வொன்றாக அளந்து இதை எழுதிக் காட்டினார். இத்தனை ஆண்டு கழித்தும் நம்மிடம் பலர் சராசரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1 சதவீத லோ எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் வேகம்), ஒவ்வொரு பிரேமும் எடுத்த நேரத்தைக் காட்டும் பிரேம் டைம் கோட்டையும் சேர்த்துக் காட்டினால்தான் அது பெஞ்ச்மார்க். இதை அளக்கும் மென்பொருள்களான பிரசென்ட்மான், கேப்பிரேம்எக்ஸ் இரண்டுமே இலவசம், சாக்குச் சொல்ல வழியில்லை.

நான் அளக்கும்போது முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஷேடர்கள் (படத்தை வரையக் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்கள்) அப்போதுதான் தயாராவதால் வரும் திக்கல்களைத் தனியாகக் குறித்துவைப்பேன். பிறகு கார்டு நன்றாகச் சூடேறும் வரை ஆடிவிட்டு, அதே சேவ், அதே பாதை, அதே செட்டிங்ஸ். குளிர்ந்திருக்கும் கார்டு கொஞ்ச நேரம் கூடுதல் கிளாக் வேகத்தில் ஓடும், அந்த எண் ஒரு மணி நேர ஆட்டத்தில் நிற்காது.

1080பி மானிட்டர் வைத்துக்கொண்டு 5090 கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். 4கே-யில் ஒரு பிரேமுக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள், 1080பி-யில் 21 லட்சம்தான். கார்டு தன் வேலையை முடித்துவிட்டு சிபியு-வுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். விளையாட்டுக்குப் பெயர்போன ரைசன் 7 9800எக்ஸ்3டி சிபியு போட்டாலும் பல விளையாட்டுகளில் 4090-க்கும் 5090-க்கும் இடையே வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அந்தப் பணத்தில் நல்ல 1440பி ஓலெட் மானிட்டரும் 5070 டிஐ அல்லது ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டும் வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் பல மடங்கு. இரண்டிலும் 16 ஜிபி மெமரி இருக்கிறது.

வெளிநாட்டு விமர்சனங்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு வெப்பம் ஒன்றே போதும். அங்கே பெரும்பாலும் ஏசி போட்ட அறையில் சோதிக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும், கார்டின் வெப்பமும் அதே அளவு மேலே ஏறும். 575 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் கொட்டுகிறது. சிபியு, மானிட்டர் சேர்த்து 750 வாட் என்று வைத்தால், ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய 3.5 கிலோவாட்டில் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் கம்ப்யூட்டரே தின்றுவிடும். மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டேகால் யூனிட், ஏசி கணக்கு தனி. இதை எந்தக் காணொளியிலும் சொல்லிக் கேட்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது அந்த மின் இணைப்பு. கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2எக்ஸ்6 கனெக்டரின் வரம்பு 600 வாட், கார்டு கேட்பது 575. 12 வோல்ட்டில் அது 48 ஆம்பியர். ஆறு கம்பிகள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு 8 ஆம்பியர், பிரச்சினை இல்லை. சமமாகப் பங்கிடாதபோதுதான் ஆபத்து. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியைச் சேர்ந்த ஓவர்கிளாக்கரும் யூடியூபருமான டெர்பாவர் (der8auer) தன் கார்டில் அளந்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் போனதைக் காட்டினார். இரண்டாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, கம்பிகளுக்கு இடையே சுமையைச் சமன் செய்யும் ஏற்பாடு கார்டில் இல்லை என்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஏற்கெனவே வாங்கியவர்கள் எஸ்எம்பிஎஸ்-உடன் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், கிளிக் சத்தம் வரும் வரை அழுத்துங்கள், கனெக்டர் அருகிலேயே கேபிளை மடக்காதீர்கள். கார்டின் மின்சார வரம்பான பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கி ஆடிப் பாருங்கள். வேகத்தில் குறைவது சில சதவீதம்தான், நூறு வாட்டுக்கு மேல் மிச்சம், ஃபேன் சத்தமும் அடங்குகிறது. என்னைக் கேட்டால் இந்தக் கார்டை ஓட்ட வேண்டிய விதமே அதுதான்.

தமிழில் விமர்சனம் செய்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரேம் ஜெனரேஷன் இல்லாத எண்ணை முதலில் காட்டுங்கள், போட்ட எண்ணை அதற்குக் கீழே தனியாக. 1 சதவீத லோ, அப்ஸ்கேலிங் நிலை, அறை வெப்பநிலை, சுவரிலிருந்து இழுத்த வாட் ஆகிய நான்கையும் திரையில் எழுதுங்கள். அடுத்து நீங்கள் போடும் 5090 காணொளியின் இணைப்பை இங்கேயே கமெண்டில் போடுங்கள், முழுதாகப் பார்த்துவிட்டுப் பகிர்கிறேன்.