பதில் சொல்லவும் சந்தா வேண்டுமா?

செய்தித் தளங்கள் வாசகர் கருத்துப் பகுதியைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் திறந்துவைப்பதே நல்லது என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். வசையும் சாதிப் பேச்சும் மலிந்த அந்தப் பகுதியைப் படித்து நொந்துபோனவர்கள் அவர்கள். அவர்களுடைய அலுப்பு நியாயமானதுதான் என்றாலும், இந்தத் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்தியைப் படிக்கப் பணம் கேட்பதில் தவறில்லை. நிருபருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒரு செய்திக்குப் பதில் சொல்ல எல்லோரையும்விட உரிமை உள்ளவர் அந்தச் செய்தி யாரைப் பற்றியதோ அவர்தான், அவரோ பெரும்பாலும் சந்தாதாரராக இருப்பதில்லை. கண்மாய் ஒன்றைத் தூர்வாரி முடித்துவிட்டார்கள் என்ற செய்தியை ஒருமுறை இணையத்தில் படித்தேன். அதன் கீழே அந்த ஊர்க்காரர் ஒருவர், வரத்துக்கால்வாயில் யாரும் கைவைக்கவே இல்லை, கரையோரத்து மண்ணை மட்டும் அள்ளிப் போனார்கள், மடைக்கு முன்னால் சீமைக்கருவேலம் அப்படியே நிற்கிறது என்று எழுத்துப் பிழைகளோடு நான்கு வரி எழுதியிருந்தார். நிருபர் கேட்கத் தவறியதெல்லாம் அந்த நான்கு வரிக்குள் இருந்தது. சந்தா கட்டினால்தான் எழுதலாம் என்றிருந்தால் அவர் எழுதியிருக்கவே மாட்டார்.

பணத்தைச் சல்லடையாக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் 'டேப்லட்' என்ற யூத இணைய இதழ் 2015இல் கருத்து எழுத ஒரு நாளுக்கு 2 டாலர், மாதத்துக்கு 18 டாலர், ஆண்டுக்கு 180 டாலர் என்று கட்டணம் வைத்தது. படிப்பது இலவசம், பேசுவதற்குத்தான் காசு. பணம் கட்டுகிறவர் பண்போடுதான் பேசுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. காசு உள்ளவரிடமும் வன்மம் உண்டு. போதாக்குறைக்கு, ஆண்டுச் சந்தா கட்டியவரை வெளியேற்ற எந்த நிர்வாகமும் சற்றுத் தயங்கவே செய்யும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றுகளையும் நான் ஒதுக்கிவிடவில்லை. பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் தன் தளத்தில் வந்த 7 கோடி கருத்துகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டபோது, மிக அதிகமாக வசைக்கு உள்ளான பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மற்ற இருவரும் கறுப்பின ஆண்கள் என்று தெரியவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். தன் தளத்தின் கருத்துப் பகுதியையே மூடிவிட்டது. ஒரே மாதத்தில் ஏறத்தாழ 3.3 கோடிப் பேர் வந்துபோன அந்தத் தளத்தில் கருத்து எழுதியவர்கள் 19,400 பேர்தான். இந்த வசைகளை நாள் முழுவதும் படித்து நீக்குகிறவர்களின் உழைப்பு கடுமையானது, அதற்குச் செலவும் ஆகும். அந்தச் செலவுக்குச் சந்தாப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். வாயிலில் காசு வாங்கிக்கொள்வதால் அந்த வேலை குறைந்துவிடப் போவதில்லை.

காசு கேட்காத வழியும் உண்டு. நார்வேயின் என்.ஆர்.கே. ஒளிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளம் 2017இல் சில கட்டுரைகளின் கீழே மூன்று கேள்விகளை வைத்து, சரியான விடை சொன்னவர்களை மட்டும் எழுத அனுமதித்தது. கட்டுரையைப் படித்தவருக்கு அது சில நொடி வேலை. தலைப்பைப் பார்த்ததும் கொதித்தெழுகிறவர் அங்கேயே நின்று கட்டுரையைப் படித்தாக வேண்டும். தமிழ்ச் செய்தித் தளங்கள் இதைச் செய்து பார்க்கலாம். அதோடு, செய்தியில் பெயரோ ஊரோ இடம்பெற்றவர்கள் திருத்தமும் மறுப்பும் அனுப்பக் கட்டணமில்லாத தனி வழி ஒன்றை ஒவ்வொரு செய்தியின் கீழும் வைத்து, வந்த திருத்தத்தைச் செய்தியோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.